பெரிய வியாழக்கிழமைச் சாணி

என் புருஷன் சவரிராயனைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதையும் ஜப்பான்காரன் காலத்தில் என் நாத்தனார் இன்னாசியம்மாள் ஊரார் முன்னால் சாணியாக்கிவிட்டாள். அவள் உயிரோடு இருந்தவரை இதை வெளியே சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று. இப்போது அவளும் மண்ணுக்குள் போய்விட்டாள். இனிமேல் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள் நான். வாயால் சொல்கிறேன், கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

சவரிராயன் கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார். அடிக்க மாட்டார். பேசவும் மாட்டார். முனிசிபாலிட்டிக்குக் கல்லு ஏற்றுகிற மாட்டு வண்டி ஓட்டினார். காஜா பெராங் என்கிற வட்டாரத்தில் எங்கள் குடிசைக்குப் பின்னால்தான் மாட்டுக் கொட்டகை. அந்த மாடுகளோடு பேசியதில் பாதி என்னோடு பேசியிருந்தால் நான் ராணி மாதிரி வாழ்ந்திருப்பேன். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவார். நல்லாயிருக்கு என்கிறாரா, உப்பில்லை என்கிறாரா, யாருக்குத் தெரியும்? தலைப்பிள்ளை செத்துப் பிறந்தபோது நான் உள்ளே கிடந்து கத்திக்கொண்டிருக்கிறேன். மனுஷன் வாசலில் உட்கார்ந்து மாட்டுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருத்துவச்சி சொன்னதைக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் கயிற்றை எடுத்துக்கொண்டாராம்.

அந்த ஒரு நல்ல விஷயம் இதுதான். அது நான் இரண்டாம் தரம் பிள்ளையாண்டிருந்த வருஷம். சேசு சாவதற்கு முந்தின நாளான பெரிய வியாழக்கிழமையன்று கோயிலில் சாமியார் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்து, சேசு தம்முடைய சீஷர்களுக்குச் செய்தது மாதிரி, பாதம் கழுவுவார். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி, கடை முதலாளி என்று சட்டை போட்டவர்களாகப் பார்த்துத்தான் உட்காரவைப்பார்கள். அந்த வருஷம் இவரும் உட்கார்ந்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு நிறைமாசம், கோயிலுக்குப் போகவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் இவர் வந்தார். வாயைத் திறக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கல்லில் உட்காரவைத்தார். தண்ணீர் இறைத்தார். குனிந்து என் காலைக் கழுவினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். வயிறு முட்டிக்கொண்டு நின்றதில் அவருடைய உச்சந்தலைதான் எனக்குத் தெரிந்தது. எழுந்தார், மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஆனால் ஒரு ஆண்பிள்ளை, அதுவும் அந்தக் காலத்து ஆண்பிள்ளை, பெண்டாட்டியின் காலைத் தொட்டுக் கழுவியிருக்கிறார். சாமியார் தனக்குச் செய்ததை அப்படியே எடுத்துவந்து எனக்குச் செய்தார் என்று நான் மனசில் வைத்துக்கொண்டேன். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே அவர் செத்துப்போனார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வராதபோதெல்லாம் செபமாலை மணியை உருட்டுவது போல அந்த ஒன்றைத்தான் உருட்டிக்கொண்டு கிடந்தேன்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அரிசி போயிற்று, உப்பு போயிற்று, சவுக்காரம் போயிற்று. அந்த நிறைமாசத்தில் என் வயிற்றில் இருந்த பிள்ளை வளர்ந்து ஆளாகியிருந்தான், அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றதைச் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில்தான் இன்னாசி வந்து சேர்ந்தாள். என் புருஷனுடைய தங்கச்சி. அவருக்குத் தாய் தகப்பன் இல்லாததால் கலியாணம் ஆகும்வரை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தோம். புருஷன் செத்து, தோட்டத்தில் வேலையும் நின்று, ஒரு மூட்டையோடு வாசலில் வந்து நின்றாள். போ என்றா சொல்ல முடியும்? இருந்த மரவள்ளிக் கிழங்கு இரண்டு வாய்க்குப் பாதிப் பாதியானது.

கிழங்கைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் என்ன சொன்னாலும் திருத்துவாள். நம் செவலை மாடு செத்தது மழைக்காலத்தில் என்று நான் சொன்னால், இல்லை மதினி, வெயில், அண்ணன் வேர்த்து விறுவிறுக்கக் குழி வெட்டியது என்பாள். அவளுடைய கலியாணச் சேலை பச்சை என்று நான் சொன்னால் அவள் நீலம் என்பாள். பக்கத்துவீட்டுக் கமலவேணி வேலியோரம் நின்று இதைக் கேட்டுச் சிரிப்பாள். சினிமாக் கொட்டகை மூடியிருந்த காலம் அது, அவளுக்கும் ஏதாவது வேண்டியிருந்தது. எனக்கு ஆத்திரமாக வரும். ஏனென்றால் பெரும்பாலும் இன்னாசி சொல்வதுதான் சரியாக இருக்கும்.

அந்த வருஷம் நோன்பிருக்கிற தபசுகாலத்தில், வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் எங்கள் வரிசை வீடுகளில் சாயங்காலம் செபம் வைத்தார். இருட்டுவதற்குள் முடித்துவிடுவார், விளக்கு ஏற்றக் கூடாது என்று உத்தரவு. ஒருநாள் அவர் எங்களைப் போன்ற கிழடுகளைப் பார்த்து ஒரு பிரசங்கம் செய்தார். வயசானவர்களிடம் இனி என்ன இருக்கிறது, பலமும் போயிற்று, பானையும் காலி, ஆனால் சுவாமி உங்களுக்குச் செய்த நன்மையை எந்தச் சிப்பாயும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது என்றார். சேசுவே சாகிறதற்கு முன்னால் தன்னை நினைத்துக்கொள்ளும்படிதான் கேட்டுக்கொண்டார், அதனால் நினைத்துக்கொள்வதும் ஒரு வேண்டுதல்தான் என்றார். ஆளுக்கொன்று சொல்லுங்கள், பயந்து கிடக்கிற சின்னஞ்சிறுசுகள் கேட்கட்டும் என்றார்.

ஒருத்தி அம்மை போட்டுப் பிழைத்ததைச் சொன்னாள். இன்னொருத்தி ஆற்றில் விழுந்து எழுந்ததைச் சொன்னாள். என் முறை வந்தது. யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். பெரிய வியாழக்கிழமை, கிணற்றடி, துண்டு, எல்லாம். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது இன்னாசி செபமாலையை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மதினி, அன்னிக்கு நீங்க சாணிய மிதிச்சிட்டு நின்னீங்க. வீடு நாறுமேன்னு அண்ணன் கழுவி விட்டுச்சு."

கமலவேணிதான் முதலில் சிரித்தாள். அவள் எங்கள் வேதத்துக்காரிகூட இல்லை, பொழுதுபோகாமல் வந்து உட்கார்ந்தவள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அரிசி போன நாளிலிருந்து அந்த வரிசையில் யாரும் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உபதேசியார் துண்டை வாயில் வைத்து இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில் எனக்குச் சாணிக் கிழவி என்று பெயர் வந்துவிட்டது. வீட்டில் நான் இன்னாசியைப் பிடித்து உலுக்கினேன். எதற்கடி அப்படிச் சொன்னாய், நீ கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அண்ணன் தங்கச்சி இரண்டு பேரையும் ஒரே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. புருஷன் இல்லை. மகன் எங்கே என்று தெரியவில்லை. வயிற்றில் கிழங்கு, அதுவும் பாதி. இருந்தது அந்த ஒரு நினைப்பு. அதிலும் சாணி என்றால் நான் எதை நினைத்துக்கொண்டு சாவது? சேசுவே, எனக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று, அதையும் வாங்கிக்கொள்ளத்தான் இவளை அனுப்பினீரா என்று படத்தைப் பார்த்துக் கேட்டேன். படம் என் புருஷன் மாதிரியே இருந்தது. பதில் இல்லை.

அந்தக் காலத்துக் கோயில்பிள்ளை சந்தியாகு உயிரோடுதான் இருந்தார். கோயிலில் மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியாருக்குச் செம்பும் துண்டும் எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பண்டார் ஹிலிரில் மகள் வீட்டில் ஒண்டிக் கிடந்தார். கோயிலில் என்ன நடந்தது, என் புருஷன் என்ன மனசோடு வீட்டுக்கு வந்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு அவித்த கிழங்கை இலையில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். இன்னாசி எங்கே என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும்தான் அந்த வித்தை தெரியுமா?

ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் நின்றான். அவனுக்குக் குனிந்து கும்பிடு போடாமல் தாண்ட முடியாது. குனிந்தேன். இந்த முதுகு குனிந்தால் லேசில் நிமிராது. நான் ரொம்ப நேரம் குனிந்து நின்றதை அவன் மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

சந்தியாகுக்குப் பார்வை மங்கியிருந்தது. ஆனால் கிழங்கு வாசனை தெரிந்தது. ஒரு கிழங்கை முழுசாகத் தின்று தண்ணீர் குடித்த பிறகுதான் நான் யார் என்று கேட்டார். சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். என் புருஷனைப் பன்னிரண்டு பேரில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தார்களே, அன்றைக்கு என்று ஆரம்பித்ததுமே கையை ஆட்டினார். சவரிராயனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்றார்.

"பின்ன எப்படிண்ணே உக்காந்தாரு?"

"நான்தான்மா கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன். அது யூதாசு நாற்காலி."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கிச் சொன்னார். பன்னிரண்டு சீஷர்களில் ஒருவன் காட்டிக்கொடுத்த யூதாசு அல்லவா? அதனால் வரிசையில் கடைசி நாற்காலி யூதாசுடையது என்று நம் ஆட்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். சாமியாருக்கு அது தெரியாது, அவர் வெள்ளைக்காரர். அதில் உட்கார்ந்தால் குடும்பத்துக்கே ஆகாது என்று ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு மற்ற இடங்களில் உட்காருவார்களாம். அந்த வருஷம் கடைசி இடம் ஒரு கிராணிக்கு விழுந்தது. அவர் வயிற்றுவலி என்று சொல்லிப் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டார். சாமியார் செம்போடு வந்து நிற்கிறார், நாற்காலி காலி. சந்தியாகு சுற்றிப் பார்த்திருக்கிறார். வேலை முடிந்து அப்படியே வந்து, கடைசியில் வாசலோரம் நின்றவர் என் புருஷன். கூப்பிட்டதும் போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்கும் என்றார் சந்தியாகு.

"எந்திரிக்கலையா?"

"எந்திரிக்கல. சாமியாரு கழுவி முத்தம் குடுத்தாரு. உங்க வீட்டுக்காரரு அழுத மாதிரி இருந்துச்சு. எனக்கு அப்பவே கண்ணு சரியில்ல, தங்கச்சி."

அன்றைக்குக் கோயில் விட்டு வரும்போது அவரோடு ஒருத்தரும் சேர்ந்து நடக்கவில்லையாம். வண்டிக்காரர்கள் மத்தியில் யூதாசு என்றே அவருக்குப் பெயர் நின்றுவிட்டதாம். ஊரே இதை வாயில் போட்டு மென்றிருக்கிறது. பெண்டாட்டி எனக்கு மட்டும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் பூசைக்குப் போனால் வாசற்படியைத் தாண்ட மாட்டார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வற்றியிருக்கிறது. இதுதான் காரணம் என்று ஒருநாள் சொல்லியிருந்தால் வாய் வெந்துபோயிருக்குமா?

"ஏண்ணே, சேசு அந்த யூதாசு காலையுந்தானே கழுவுனாரு?"

"கழுவுனாரு. அத யாரு நெனச்சுப் பாக்குறா?" என்று சொல்லிவிட்டு இரண்டாவது கிழங்கைத் தடவிப் பார்த்தார்.

சாணியைப் பற்றிக் கேட்டேன். உங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று அவரே கோபித்துக்கொண்டார். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் நடந்தேன். தெரிய வேண்டியது தெரியவில்லை. தெரியாமலே இருந்திருக்கக்கூடியது தெரிந்தது. திரும்பும்போது பாலத்தில் வேறு சிப்பாய். மறுபடியும் குனிந்தேன்.

வீட்டுக்கு வந்தால் இன்னாசி கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். யூதாசு நாற்காலி என்றேன். அவள் கையில் கத்தி அப்படியே நின்றது. யார் சொன்னது என்று கேட்டாள். சந்தியாகு என்றேன். அந்தக் குருட்டுக் கிழவனுக்குச் சாவு வரவில்லையா என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

அவள் அழுதுகொண்டு சொன்னதை நான் அன்றைக்குத்தான் முதல்தரம் கேட்டேன். அந்த நாற்காலி வருஷம்தான் டவுனில் ஒரு அச்சாபீசுப் பையனை அவளுக்குப் பேசியிருந்தோம். நல்ல பையன், நெற்றியில் சுருட்டை முடி. வெற்றிலை மாற்றுகிற நாள் வரைக்கும் வந்து நின்றுபோனது. பையனுக்கு உடம்பு சரியில்லை என்று என்னிடம் சொன்னார்கள், நானும் நம்பினேன். உண்மையில் பையனுடைய தாய் இன்னாசியைக் கோயில் வாசலில் நிறுத்தி, யூதாசு தங்கச்சியை என் வீட்டு அடுப்பங்கரையில் விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். இவள் அதை அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அண்ணன் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. பிறகு எந்த ஊரில் இந்தக் கதை தெரியாதோ அந்த ஊராகப் பார்த்துத் தோட்டத்தில், தகப்பன் வயசுக்காரன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார். விடிவதற்கு முன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், அட்டைக் கடியிலும் மழையிலும் கிடந்து, அவன் இருமலுக்குக் கஷாயம் வைத்து, அவள் வாழ்க்கை அங்கே முடிந்தது. பிள்ளையும் இல்லை.

"நீங்க அந்த வியாழக்கிழமையத் தொறந்தா, ஏதாவது ஒரு கெழம் ஆமா அவன்தானே யூதாசுன்னு ஆரம்பிக்கும் மதினி. அதுக்கு முன்னாடி சிரிக்க வெச்சிட்டேன்."

எனக்குக் கோபம் போகவில்லை. பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அப்ப சாணி பொய்யாடி?"

நான் எதிர்பார்த்தது ஆமாம் என்ற ஒரு சொல். இன்னாசி மூக்கைச் சிந்தினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். யோசித்தாள். பொய் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்தக்கூடிய பிறவியா அது?

"சாணி நெசம். நான்தான பாத்தேன். எடது கால்ல, கணுக்கால் வரைக்கும்."

நான் எழுந்துவிட்டேன். தொலைந்தது, இத்தோடு விட்டுவிடுவோம் என்று அடுப்பைப் பார்க்கப் போனேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் தனக்குத்தானே பேசுவது போல முனகினாள்.

"வலது கால் சுத்தமாத்தான் இருந்துச்சு. அதையும் கழுவுச்சே."

"என்னடி சொல்ற?"

"ரெண்டு காலையுந்தான் கழுவுச்சு. சாமியாருகூட ஒத்தக் காலத்தான் கழுவுவாரு, வலது காலு. எல்லாருக்கும் அப்படித்தான். அண்ணன் ஏன் ரெண்டையும் கழுவுச்சுன்னு எனக்குத் தெரியல மதினி. தெரியாதத நான் சொல்ல மாட்டேன்."

அடுப்பில் ஈர விறகு புகைந்தது. அந்தப் புகை கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலிலும் தண்ணீர் பட்டது எனக்கும் நினைவிருந்தது, அதை எண்ணிப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் தோன்றவில்லை. சாணிக்காக என்றால் இடது கால் போதும். சாமியாரைப் பார்த்துச் செய்தது என்றால் வலது கால் போதும். ஊரெல்லாம் விலகி நடந்த அன்றைக்கு அந்த மனுஷன் வீட்டுக்கு வந்து, சாணிக் காலையும் கழுவி, நல்ல காலையும் கழுவி, இரண்டையும் துடைத்துவிட்டுப் புல் போடப் போயிருக்கிறார். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் செத்து மேலே போனால் சம்மனசு, தேவதூதர் எல்லாரையும் தள்ளிவிட்டு முதலில் அவரைப் பிடித்து இதைத்தான் கேட்கப்போகிறேன். அங்கேயும் தலையை ஆட்டினால் சுவாமியிடமே புகார் சொல்வேன்.

இன்னாசியிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். அடுத்த செபத்தில் எல்லார் முன்னாலும் இதைச் சொல், இரண்டு கால் என்று சொல், நீயே கெடுத்தாய், நீயே சரிசெய் என்றேன். முடியாது என்றாள். இரண்டு கால் என்று சொன்னால் சாமியார் ஒற்றைக் கால்தானே கழுவுவார் என்று வரும், சாமியார் என்று வந்தால் நாற்காலி வரும் என்பது அவள் பயம். நான் மிரட்டினேன். உனக்கு நாளைக்குக் கிழங்கு இல்லை என்றேன். இல்லாவிட்டால் போகட்டும் என்றாள்.

"அங்க என்னை யூதாசு தங்கச்சியா உக்கார வைக்காதீங்க மதினி. நான் வேற எங்கயும் போக முடியாது."

இதற்கு நான் என்ன செய்வது? அந்தப் பெயரால் அவளுக்கு ஒரு வாழ்க்கையே போயிருக்கிறது. எனக்குப் போனது குழாயடியில் கொஞ்சம் மானம். ஆனாலும் என் மானம் எனக்கு. அதை நான் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

பெரிய வாரம் வந்தது. உபதேசியார் மறுபடியும் செபத்துக்கு வந்தார். நல்ல மனுஷன், என் மனசு நோகக்கூடாதென்று, மிக்கேலம்மா, வேறு ஏதாவது நன்மை ஞாபகம் இருந்தால் சொல்லுங்களேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கமலவேணி முந்திக்கொண்டாள்.

"என்னக்கா, இன்னிக்கும் சாணிதானா?"

நான் இன்னாசியைப் பார்த்தேன். அவள் செபமாலைச் சிலுவையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. இரண்டு கால் என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கினேன், மரவள்ளி நாரை விழுங்குவது போல.

"ஆமாடி, சாணிதான். உன் புருஷன் அதக்கூடக் கழுவ மாட்டானே."

எல்லாரும் சிரித்தார்கள். கமலவேணியே சிரித்துவிட்டாள். இன்னாசியும் சிரித்தாள், எல்லாரையும்விடச் சத்தமாக, பல்லில்லாத வாயைத் திறந்துகொண்டு. எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது.